திரும்பி வர ஒரு வண்டி

பாத்திரக்கடை தனகோடி மகாபலிபுரத்துக்குக் காரில் போவதா, பஸ்ஸில் போவதா என்று செங்கல்பட்டுக் கடைத்தெரு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. கார் அவருடையது. பழசுதான், ஆனாலும் தெருவில் வேறு எவரிடமும் இல்லாதது. பஸ் யாருடையதோ, அதில் கண்டக்டராகப் போகிற கண்ணாயிரம் அவருடைய மாப்பிள்ளை. சிக்கல் அங்கேதான்.

தனகோடிக்கு நான்கும் பெண்கள். நாலாவதும் பெண்ணாகப் போனதில் வேண்டா என்று பெயர் வைத்துவிட்டு, இருக்கிற செல்லத்தையெல்லாம் அவள் தலையில்தான் கொட்டினார். அந்த வேண்டா இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவைக் கேட்காமல் திருக்கழுக்குன்றத்துக் கோயிலில் கண்ணாயிரத்தோடு மாலை மாற்றிக்கொண்டாள். "அவன் என் கடைப்படி ஏறக் கூடாது" என்று தனகோடி நடுத்தெருவில் நின்று கத்தியதற்கு நானும் ஒரு சாட்சி. நான் தரகன், இந்த மாதிரிச் சொற்களின் விலை தெரியும். விடும்போது மலிவு, திரும்ப எடுக்கும்போது ஏகக் கிராக்கி.

இப்போது வேண்டாவிடமிருந்து கார்டு வந்திருந்தது. 'வெள்ளிக்கிழமை காலை குழந்தைக்குத் தொட்டில் போடுகிறோம். அப்பா வர வேண்டும்.'

போவது என்பது கார்டைப் படித்த நிமிஷமே முடிவாகிவிட்டது. தகராறு எந்த வண்டி என்பதில்தான் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் தனகோடி வீட்டிலிருந்து எனக்கு ஆள் வந்தது.

"திருவேங்கடம், நீயே சொல்லு. பேரம் பேசப் போற எடத்துல எழுந்து வர வழி இருக்கணுமா, வேணாமா?"

"இருக்கணும் அண்ணாத்த."

"கேட்டுக்கோ" என்று மனைவி பொன்னியின் பக்கம் திரும்பினார். "கார்ல போனா, அங்க எவனாவது மூஞ்ச சுளிச்சான்னா ஏறி வந்துகினே இருக்கலாம். பஸ்ஸுல போனா? பத்து மணி பஸ் வர்ற வரைக்கும் அவன் வூட்ல முழிச்சிகினு உக்காந்திருக்கணும்."

"பேத்தியப் பாக்கப் போறது உனக்குப் பேரமா?" என்றாள் பொன்னி. "சரி, கார்லயே போ. மாப்ளைக்கு லீவு குடுக்கல, ராவு இங்க பஸ்ஸுலயே படுக்கை. காலைல ஆறு மணி பஸ்ஸோட போயி எறங்கி, தொட்டிலக் கட்டிட்டு, பத்து மணிக்குத் திரும்புது. நீ முன்னாடியே போயி நிப்ப. அது இல்லாத வூட்ல உன்ன யாரு வாசல்ல வந்து வாங்கன்னு கூப்புடுவாங்க?"

அது அவருக்கு உறைத்தது. கூப்பிடாத வாசலில் கால் வைக்கிற மனிதர் அல்ல. பேச்சை மாற்றினார்.

"பஸ் நேரமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசா மாசம் திருக்கழுக்குன்றத்துக்குக் கழுகு பாக்கப் போறன்ல?"

கழுகு உச்சி வேளையில் வந்து சோற்றைக் கொத்திவிட்டுப் போய்விடும். அதே பஸ் அங்கிருந்து மகாபலிபுரம் போகிறது; பொன்னி வீடு திரும்புவது விளக்கு வைத்த பிறகு. இது தெரியாதவரா தனகோடி? தெரியாத மாதிரியே இரண்டு வருஷம் ஓட்டியிருந்தார்.

"கார்தான்" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் விடியலில் தனகோடி கார் ஓட்ட, முன்சீட்டில் பொன்னி, பின்சீட்டில் மடியில் தொட்டிலோடு துணைக்கு நான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது பஸ் காலியாக நின்றது. "திருக்கழுக்குன்றம், மாவலிபுரம்!" என்று கண்ணாயிரம் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். ஏற ஓர் ஆள் இல்லை.

எங்கள் தெருவில் யார் புதுக்கடை திறந்தாலும் முதல் வியாபாரத்துக்குத் தனகோடியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கையால் போணி ஆனால் கடை ஓஹோவென்று போகும் என்று நம்பிக்கை. அவருக்கும் அது பெருமை. அதனாலேயே ஒரு பலவீனம். போணியாகாத கடையைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போக அவரால் ஆகாது.

கார் மெதுவாகி நின்றது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஒருத்தன் ஏறல பாரு" என்று முணுமுணுத்தார். "கத்திகினே கீறான்."

பொன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெட்டிக்காரி, பேரம் படிகிற நேரத்தில் பேசக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

காரை வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினார். நேராகப் போய்ப் பஸ் படியருகே நின்றார். கம்பியில் கை வைத்தார். கால் மட்டும் எழவில்லை. கண்ணாயிரத்தின் கூவல் பாதியில் நின்றது. டீக்கடையில் நாலு பேர் கிளாஸை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். 'படி ஏறக் கூடாது' என்று அன்றைக்குக் கடைத்தெருவில் கேட்ட அதே சொல்லை இப்போது இவன் திருப்பிக் கொடுக்கலாம். வட்டியோடு கொடுத்தாலும் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள்.

கண்ணாயிரம் தோள்பையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

"ஏறுங்க மாமா. படி ஒயரம், பாத்து."

அவர் ஏறினார், தொட்டிலோடு நாங்களும் பின்னால் ஏறினோம். உட்கார்ந்ததும் ரூபாயை எடுத்து நீட்டினார். "மாவலிபுரம், மூணு."

"ஐயோ, உங்ககிட்ட டப்பு வாங்கினா வேண்டா என்ன வூட்ல சேக்காது."

"போணியத் தள்ளாத மாப்ள. இந்தக் கைக்கு எத்தினி பேர் வந்து நிக்கறான் தெரியுமா?"

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் போட்டான் கண்ணாயிரம். மணி ஆறு அடிப்பதற்குள் நிற்க இடமில்லாமல் வண்டி நிரம்பியது. முகூர்த்த நாள், அதனால்தான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மகாபலிபுரத்தில் வீடு கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால், ஓலைக் கூரை. கண்ணாயிரம் முன்னால் ஓடி வாசலில் நின்று, அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவன்போல "வாங்க மாமா" என்றான். வேண்டா குழந்தையை அப்பா கையில் கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அவர் புதுக் குடத்தைப் பார்ப்பதுபோல் பேத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்க்காததுதான் பாக்கி.

தொட்டில் கட்டி, சர்க்கரை கொடுத்து, சாப்பிட்டும் ஆயிற்று. பத்து மணிக்குப் பஸ் ஹாரன் கேட்டது.

"மாமா, பஸ்ஸு" என்றான் கண்ணாயிரம்.

தனகோடி பாயில் உட்கார்ந்து தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். "அடுத்தது எப்போ?"

"ரெண்டு மணிக்கு."

"அதுவும் போயிட்டா?"

"ஆறுக்குக் கடைசி."

"அது?"

கண்ணாயிரம் வேண்டாவைப் பார்த்தான். "அது போயிட்டா காலைலதான் மாமா."

"இன்னா பண்றது" என்று ரொம்ப வருத்தப்படுகிறவர்போலப் பெருமூச்சு விட்டார் தனகோடி. "திரும்பி வர வண்டி இல்லாத எடத்துல வந்து மாட்டிக்கினேன்." பிறகு மடியிலிருந்து கார் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "திருவேங்கடம், இத நீ எடுத்துக்கினு போ."

கார் செங்கல்பட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது; எனக்கோ ஓட்டத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.