பச்சைக் கம்பி

கோவிந்தாபுரத்தில் ரத்தினசாமிக்கு நாலு ஏக்கர் நெல்வயலும் ஒரு கிணறும் இருந்தன. எழுபத்தைந்தாம் வருஷம் கிணற்றுக்குக் கரண்டு வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கிய அன்று மனைவி சாந்தம்மாளைப் பம்புசெட் அறைக்குக் கூட்டிப்போய், எது சுவிட்ச், எது பீஸ் என்று காட்டிக்கொடுத்தான். கடைசியாக ஒன்று சொன்னான்.

"கரண்டு புடிச்சவனைக் கையில தொட்டறாத. அது நானா இருந்தாலுஞ் சரி. காஞ்ச கட்டையில அடிச்சுத் தள்ளோணும்."

நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறு வருஷம் கார்த்திகையில் மோட்டார் ஆட்டம் கண்டது. அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து இறுக்க வேண்டும். சட்டத்தில் துளை போட, பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருந்த சினேகிதனிடம் கரண்டு டிரில் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். முழுக்க இரும்பு உடம்பு. அதன் பிளக்கில் மூன்று கால்; அறைச் சுவரில் இருந்ததோ இரண்டு ஓட்டை. பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு கம்பிகளை முறுக்கி ஓட்டைகளில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்கினான். பச்சைக் கம்பி சும்மா தொங்கியது. இது எதற்கு என்று சாந்தம்மாள் கேட்டாள். எர்த்துக் கம்பி, நாலு துளைக்கு அது என்னத்துக்கு என்றான். எதிலும் நிதானமானவன்தான். ஆனால் வயல் தண்ணீரில்லாமல் வெடித்துக்கொண்டிருந்தது.

கஞ்சித் தூக்கோடு அவள் திரும்பி வந்தபோது டிரில் ஓடும் சத்தம் கேட்டது. அவன் குந்தியிருந்தான். குழாயிலிருந்து கசிந்த தண்ணீர் தரை முழுக்க நின்றது. கஞ்சி குடிக்க வாங்க என்று அவள் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு கையும் டிரில்லைப் பிடித்தபடி இருக்க, உடம்பு மட்டும் உதறிக்கொண்டிருந்தது. கண் அவளைப் பார்த்தது போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது.

சுவிட்ச் அவனுக்கு அப்பால், எதிர்ச் சுவரில். நடுவில் தண்ணீர். அவள் கை தன்னால் அவனை நோக்கி நீண்டது. நீண்ட கையை இழுத்துக்கொண்டாள். வாசலில் சாத்தியிருந்த மூங்கில் தடியை எடுத்து, வாசற்படியில் நின்றபடியே அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். டிரில் விடவில்லை. மறுபடி அடித்தாள். எலும்பில் அடி விழும் சத்தம் கேட்டது. பிறகும் அடித்தாள்.

அப்போதுதான் வரப்பில் வந்துகொண்டிருந்த அவன் அம்மா காளியாத்தாள், மருமகள் தன் மகனைத் தடியால் அடிப்பதைக் கண்டாள்.

டிரில் தெறித்துச் சுவரோரம் விழுந்தது. அவன் பின்னால் சாய்ந்தான். பக்கத்து வயல் பொங்கியண்ணன் ஓடி வந்து சுவிட்சை அணைத்து, ஜீப் பிடித்து, பக்கத்திலிருந்த சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வீட்டு வாசலில் கிடத்தியிருந்தவன் பக்கத்தில் சாந்தம்மாள் போய் உட்கார்ந்தாள். வீங்கியிருந்த மணிக்கட்டைத் தொடப் போனாள். காளியாத்தாள் கத்தவில்லை. தணிந்த குரலில் சொன்னாள்.

"என் மகனை அடிச்ச கை. அவன் மேல படவேண்டாம்."

சாந்தம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவனை எடுத்துப் போகும்வரை அப்படியே இருந்தாள்.

காரியம் முடிந்தபின் பொங்கியண்ணன் வயரிங் வேலைக்காரர் ஏசுரத்தினத்தைக் கூட்டி வந்தார். அவர் டிரில்லைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு கம்பியின் தோல் தேய்ந்து இரும்பு உடம்பில் பட்டிருந்தது. பச்சைக் கம்பியை எர்த்தோடு சேர்த்திருந்தால் அந்த நிமிஷமே பீஸ் போய்க் கரண்டு நின்றிருக்கும், ஆள் பிழைத்திருப்பான் என்றார். அந்தம்மா கையால் தொட்டிருந்தால் இரண்டு பிணம் விழுந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதைப் பொங்கியண்ணன் காளியாத்தாளிடம் எடுத்துச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் மருமகளிடம் பேசவில்லை. சாந்தம்மாளும் ஒன்றும் விளக்கப் போகவில்லை. ஏசுரத்தினத்திடம் மூன்று ஓட்டைப் பிளக் பெட்டி வாங்கி வைக்கச் சொன்னாள். எர்த்துக்குக் குழி வெட்டும்போது கூடவே நின்றாள்.

தை பிறந்து அறுப்பு முடிந்த ஒரு மத்தியானம், களத்து மேட்டில் மாமியாரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாஞ் சொன்னாங்க சாந்தா. நீ செஞ்சதுதான் சரி. எனக்கும் புரியுது. ஆனா கண்ண மூடுனா அந்த அடிச் சத்தந்தான் கேக்குது."

"எனக்குந்தானுங்க அத்தை."

"நானா இருந்தா ஓடிப் போயிக் கட்டிப் புடிச்சிருப்பேன்."

"அவரோட நீங்களும் போயிருப்பீங்க."

"போயிருந்தாத்தான் என்ன?"

சாந்தம்மாள் தினமும் தன்னையே கேட்டுக்கொள்வதும் அதுதான். காளியாத்தாள் மருமகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.