அரை அங்குலத் திருகாணி

பள்ளி அனுப்பிய கோப்பில் "காரணமின்றி" என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. காரணமின்றி வகுப்புத் தோழியின் கையைக் கடித்தாள். காரணமின்றி வேன் உதவியாளர் மீது தண்ணீர் பாட்டிலை வீசினாள். காரணமின்றி விளையாட்டு ஆசிரியையை ஹாக்கி மட்டையால் அடித்தாள். அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. வயது பதினைந்து. மறுநாள் காலை சிறார் நீதிமன்றத்தில் விசாரணை. அவள் வீட்டில் இருக்கலாமா, சீர்திருத்த இல்லத்துக்குப் போக வேண்டுமா என்பது பெரும்பாலும் விசாரணை அதிகாரியின் அறிக்கையைப் பொறுத்தது. மாலை ஐந்து மணிக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும்.

அதிகாரி அந்த வீட்டை அடைந்தபோது மணி மூன்று. முன்பக்கம் தச்சுப் பட்டறை, பின்பக்கம் வீடு. தச்சர் உளியும் கையுமாகவே எழுந்து வந்தார்.

"வாங்க மேடம். நீங்களே கேளுங்க. நாங்க என்ன குறை வெச்சோம்? பெத்த பொண்ணு டீச்சரையே அடிக்குதுன்னா நாங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?"

உள்ளறையில் மகள் கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்; தச்சரும் பின்னாலேயே வந்து நின்றார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சண்டைக்கோழின்னு எழுதிட்டீங்களா?" என்றாள் அவள். "ஸ்கூல்ல அதான் என் பேரு."

"இன்னும் ஒண்ணும் எழுதல. டீச்சரை எங்க வெச்சு அடிச்ச?"

"ஸ்டோர் ரூம்ல."

"அங்க என்ன பண்ணிட்டிருந்த?"

"டிரெஸ் மாத்திட்டிருந்தேன். கதவைத் தள்ளிட்டு உள்ள வந்துட்டாங்க."

"தட்டலையா?"

"யாரு தட்டறாங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பதினைந்து வயதுச் சிரிப்பாக இல்லை.

"கையைக் கடிச்சது?"

"என் பையைத் திறந்து நோட்டை எடுத்துப் படிச்சா."

"வேன்ல?"

"அந்த அண்ணன் பின்னாடி நின்னு என் போனை எட்டி எட்டிப் பார்த்தாரு."

அப்போது அம்மா தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தார். வந்த வழியை அதிகாரி அப்போதுதான் கவனித்தார். நிலை இருந்தது, கதவு இல்லை. கீல் இருந்த பள்ளங்களைப் பட்டிப் பசை வைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். எதிர் அறைக்கும் அப்படியே. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கியது. ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு செய்து கொடுத்தவரின் வீட்டில், தெருக் கதவைத் தவிர வேறு கதவே இல்லை.

"கதவெல்லாம் எங்க?"

"தேவையில்லன்னு கழட்டி வித்துட்டேன்" என்றார் தச்சர். பிறகு குரல் உயர்ந்தது. "ஓஹோ! அப்ப சுத்திச் சுத்தி தப்பு என் தலையிலதான் வந்து விழப் போகுது, இல்ல? அடிச்சது அவ, குத்தவாளி நானா?"

உளி பிடித்த கை மேலே எழுந்தது. மகள் கால்களை மடக்கி இன்னும் உள்ளே ஒடுங்கினாள். அதிகாரி அசையவில்லை.

"உளியைக் கீழ வைங்க. நீங்களே சொல்லிடுங்க," என்றார் அம்மா. "இல்லன்னா நான் சொல்லுவேன்."

உளியை ஜன்னல் விளிம்பில் வைக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

"என் தம்பி. ரெண்டு வருஷம் ஆச்சு. மாடி ரூம்ல உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான். நான் செஞ்ச கதவு மேடம். உடைக்க எனக்கே பத்து நிமிஷம் ஆச்சு." கதவில்லாத நிலையைப் பார்த்தார். "பத்து நிமிஷம். முன்னாடியே திறந்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்."

"நான் சித்தப்பா இல்லப்பா," என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை.

அதிகாரி கோப்பை மூடினார். "டீச்சரை அடிச்சதுக்கு இவதான் பதில் சொல்லணும், அது வேற. ஆனா நாளைக்கு என்னைக் கேப்பாங்க, இந்த வீட்டுலயே விட்டா மறுபடியும் அடிப்பாளான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

தச்சர் பட்டறைக்குப் போனார். பலகைகள் சரியும் சத்தம் கேட்டது. ஒரு கதவைத் தோளில் சாய்த்துத் தூக்கிவந்தார். முழங்கால் உயரத்தில் மகள் சின்ன வயதில் ஒட்டிய ஸ்டிக்கர்கள், பாதி உரிந்து, இன்னும் இருந்தன. மற்ற எல்லாக் கதவுகளையும் விற்றவர் இதை மட்டும் விற்கவில்லை.

பட்டியைச் சுரண்டிவிட்டுக் கீலைப் பொருத்தினார். தாழ்ப்பாளுக்குப் பழக்கத்தில் இரண்டு அங்குலத் திருகாணியை எடுத்தார். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு அதை டப்பாவில் போட்டார். தேடி அரை அங்குலத்தில் இரண்டு எடுத்தார்.

"குட்டி, இங்க பாரு. சின்னத் திருகாணிதான் போடறேன். தோளால ஒரு இடி இடிச்சா பிடுங்கிட்டு வந்துடும். உனக்குத் தெரியாம செஞ்சேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது."

அவள் வந்து பார்த்தாள். விரலால் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள்.

"தட்டிட்டுதான் இடிக்கணும்."

"சரி."

"கூப்பிடணும். நான் பதில் சொல்லலன்னாதான்."

"சரி தாயி, சரி."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே சத்தமே இல்லை. தச்சரின் தோள் தானாகவே கதவருகே போனது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தவறாகக் கணித்திருந்தால் என்ன செய்வது?

தச்சர் விரலை மடக்கி இரண்டு முறை தட்டினார்.

"குட்டி."

பதில் இல்லை.

"குட்டி!" தோள் கதவில் படிந்தது.

"இருக்கேன்பா."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலரை மணிக்கு அதிகாரி சமையலறை மேசையில் அறிக்கையை எழுதத் தொடங்கினார்: வீட்டிலேயே இருக்கலாம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரில் கண்காணிக்கப்படும், அப்பா, மகள் இருவருக்கும் மனநல ஆலோசனை தேவை. காரணம் என்ற இடத்துக்கு வந்ததும், கதவு தட்டும் சத்தம் மறுபடி கேட்டது.

"இப்பத்தானேப்பா தட்டினீங்க!" என்று உள்ளேயிருந்து எரிச்சலோடு குரல் வந்தது.

"சரி, சரி," என்றார் தச்சர். எழுந்து போகவில்லை.