அசல் விலை சொன்ன அக்கா

ஒரு பகல் முழுக்கப் பிசகாத கவனத்துக்கு விலை என்ன? அந்தத் திரைச்சீலைக் கடையில் அதன் விலை ஒரு மாத்திரை. பாதி வெள்ளை, பாதி நீலம். கவனக்குறைபாட்டுக்கென்று தங்கைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது.

மாத்திரைக்கு முந்தைய தங்கை ஜன்னல் அளக்கப் போனால், அந்த வீட்டுக் குழாயைப் பழுது பார்த்துவிட்டு, டேப்பை அங்கேயே மறந்துவிட்டு வருவாள். இப்போது அளவோடு திரும்புகிறாள். அக்காவுக்கு இதைப் பார்க்கப் பார்க்க நமநமவென்றிருந்தது. ஓட்டை வாளியிலேயே இவ்வளவு தண்ணீரை நிறுத்துகிற சரக்கு, தன்னைப் போன்ற அண்டாவில் விழுந்தால் என்னவெல்லாம் செய்யாது!

அன்று ஓட்டல்காரர் வருவதாக இருந்தது. கட்டி முடித்த புது ஓட்டலின் அத்தனை ஜன்னலுக்கும் திரை வேண்டும். ஆர்டர் படியாவிட்டால், கடையின் இரண்டு ஷட்டரில் ஒன்றைப் பக்கத்து மெத்தைக் கடைக்குக் காலி செய்து கொடுக்க வேண்டியதுதான். மெத்தைக்காரர் இப்போதே வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

சாம்பிள் தைத்தே அக்காவுக்குத் தூக்கம் போயிருந்தது. தங்கை வங்கிக்குக் கிளம்பியதும் அக்கா அவளுடைய டிராயரைத் திறந்தாள். எதையும் சாம்பிள் பார்க்காமல் நம்பாத பரம்பரை. ஒன்றை எடுத்து விழுங்கினாள். தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதும், காலையில் அதற்கு மாத்திரை போட்டதும் நினைவுக்கு வந்தன. அதுவும் மாத்திரை, இதுவும் மாத்திரை, உள்ளே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

முதலில் ராஜபோகம்தான். தூக்கம் பறந்தது. துணிக்கட்டுகளை நிறவாரியாக அடுக்கிவிட்டு, மறுபடி அகலவாரியாக அடுக்கினாள். அதற்குள் ஓட்டல்காரர் வந்து உட்கார்ந்தார்.

அக்காவின் பேரம் கடைத்தெருவே அறிந்தது. விலையைச் சொல்வாள், வாயை மூடிக்கொள்வாள். கண் மட்டும் மேயும்: வந்தவரின் செருப்பு, கடிகாரம், துணியை விட மனமில்லாத விரல். பாதிப் பேரம் அந்த மேய்ச்சலில்தான். அன்று கண் மேயவில்லை. சாம்பிள் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டது.

"மீட்டர் என்ன விலைம்மா?"

வாய் திறந்தது. மூடவில்லை. "மில்லுல நூத்திப் பத்துக்கு எடுக்கிறோம், லாரிக்கு நாலு, தையக்கூலி முப்பது, ஆக நூத்தி நாப்பத்தி நாலு அசல். இந்த நூலப் பாருங்க, இது ஏன் பிரிஞ்சுச்சு தெரியுமா..."

ஓட்டல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அசல் விலையைச் சொன்ன வியாபாரியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. "அம்மா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

அக்காவின் நெஞ்சுக்குள் யாரோ தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கை வியர்த்தது. பல் தானாக நறநறத்தது. உள்ளே நுழைந்த தங்கை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, என் டப்பாவுல கை வெச்சியா?"

"ஒண்ணே ஒண்ணுதான்டி."

"பிபிக்காரி போடுற மாத்திரையா அது? சார், வண்டி இருக்கா?"

வண்டி இருந்தது. கிளினிக்கில் அக்காவைப் படுக்க வைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டி, மெஷினை ஓட விட்டார்கள்.

"உங்க தங்கச்சிக்கு அது மருந்து," என்றார் டாக்டரம்மா. "அவங்க உடம்பைச் சோதிச்சு, அளவு பார்த்து எழுதினது. ஏற்கெனவே பிரஷர் இருக்கிற உங்களுக்கு, ஒண்ணே போதும், பக்கவாதம் வரைக்கும் போயிருக்கலாம். இப்ப வாயத் திறக்காம படுங்க."

அக்காவுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

திரைக்கு வெளியே பெஞ்சில் ஓட்டல்காரர் தங்கையிடம் கிசுகிசுத்தார். "அசல்தான் தெரிஞ்சுபோச்சே. மேல ஆறு போட்டு முடிச்சிடலாமா?"

உள்ளே மெஷின் பீப் பீப் பீப் என்று பறந்தது.

ஓட்டல்காரர் வெளிறினார். "சரி, பன்னெண்டு."

பீப் பீப் பீப்.

"அய்யோ, இருபது! இருபத்தஞ்சு!"

பீப்... பீப்...

"படிஞ்சுது சார்," என்றாள் தங்கை, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தபடி.

டாக்டரம்மா திரையை விலக்கினார். "இங்க என்ன, சந்தையா நடக்குது?" ஓட்டல்காரர் அதற்குள் வாசலில் இருந்தார்.

நாடித்துடிப்பு அடங்கி, அனுப்பலாம் என்று டாக்டரம்மா சொல்ல மாலையாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் தங்கை விரல்விட்டு எண்ணினாள்.

"ஆர்டர் வந்துச்சு, ரெண்டு ஷட்டரும் நம்மது. வரவு. வழக்கமா நாப்பது வைப்பே, இருபத்தஞ்சுல நின்னுச்சு. மீட்டருக்குப் பதினஞ்சு உன் வாய்க்குச் செலவு. கிளினிக் பில்லும் உன் செலவு."

"ஒத்துக்கறேன்டி. கணக்கு நேராச்சா?"

"என் மாத்திரை?"

"ஒண்ணுக்கு ரெண்டா வாங்கித் தர்றேன்."

"டாக்டர் சீட்டுக்கு எண்ணித்தான் தருவாங்க. மாசக் கடைசியில ஒரு நாள் நான் மாத்திரை இல்லாம ஓட்டணும். அந்த நாள எந்தக் கடையில வாங்கித் தருவே?"

அக்கா பேரத்துக்கு வாயைத் திறந்தாள். கேட்பதற்கு விலையே இல்லை. வரவு எழுதியாயிற்று, செலவு எழுதியாயிற்று. தங்கைக்கு ஒரு மாத்திரை, பாக்கி.