எலுமிச்சை அழகியின் புழுக்கள்

நாற்றுப்பண்ணை நடத்தும் அக்காவுக்கு ஒரே தம்பி. அவனுக்குப் பட்டாம்பூச்சிப் பூங்காவில் வேலை. அவன் வளர்ப்பதும் அவள் நசுக்குவதும் ஒரே புழுதான்: எலுமிச்சைக் கன்றின் தளிரை மொட்டையடித்துவிடும், எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம்போல் இலைமேல் கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். அக்கா கண்ணுக்கு இரண்டும் தப்பாது.

இருந்தாலும் மருந்தடிக்காத கன்றுகளிலிருந்து தம்பிக்குத் தினமும் ஒரு பை தழை ஒடித்துத் தருவாள்.

ஒருநாள் அவள் கன்று கொண்டுபோய்க் கொடுக்க வெளியூர் போயிருந்தாள். தம்பி தானே வந்து, வாசலோரம் புதிதாக வந்திறங்கிய கன்றுகளில் பளபளவென்றிருந்த தழையை ஒடித்துப் போனான். மறுநாள் காலை வளர்ப்பறையில் புழுக்களெல்லாம் துவண்டு கிடந்தன. ஒன்றைக் குச்சியால் தொட்டான். உயிருள்ள புழு என்றால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொம்பை நீட்டி நாறியிருக்கும். இது அசையவில்லை.

"அக்கா, எல்லாம் போச்சு. ஏதோ நோய் போல" என்றான் போனில்.

"எந்தச் செடில ஒடிச்சே?"

"வாசல்ல இருந்ததுல."

"அடப்பாவி! அது வெளியிலேருந்து வந்த சரக்குடா. மருந்துல குளிச்சிட்டு வந்திருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ போனை எடுக்கலையே."

"சரி, அழாதே."

"நான் ஒண்ணும் அழல" என்றான். மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டது.

மேலாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னான். அவர் திட்டவில்லை. "அடுத்த மாசம் பட்டாம்பூச்சிக் கூடம் திறக்கணும். உள்ளே ஏதாவது பறக்கணுமேப்பா" என்றார். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது, மதியம் சாப்பிடவில்லை.

அக்கா அன்று பண்ணையைச் சீக்கிரமே பூட்டினாள். எந்தெந்த வீட்டில் எலுமிச்சை நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும்; விற்றதே அவள்தானே. முதலில் தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உங்க செடில புழு இருக்கான்னு பாக்கணும்."

"மருந்தடிக்கவா?"

"இல்லீங்க, எடுத்துட்டுப் போக."

தையல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு நல்லாத்தானேம்மா இருக்கு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. தம்பிக்குத்தான் சரியில்லை."

இருட்டுவதற்குள் சாப்பாட்டு டப்பா நிறையப் புழுவும் தழையுமாகப் பூங்காவுக்குப் போய் நின்றாள். தம்பி ஓடிப்போய்த் தட்டுகளை எடுத்துவந்தான். தட்டுக்கு மாற்றும்போது ஒரு புழு அவள் விரலில் கொம்பை நீட்டியது.

"சீ, நாத்தம்!" என்றாள். ஆனால் கையை உதறவில்லை. "இத்தனை வருஷமா நசுக்கியிருக்கேன், அதுக்குக் கோபம் இருக்காதா பின்னே?"

அவற்றில் பாதிக்கு மேல் தேறின. இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, குச்சியில் சாய்ந்து, கூட்டுப்புழுவாயின. கூடம் திறக்கும் நாளில் அக்காவும் வந்தாள். அப்போதுதான் வெளிவந்த ஒன்று ஈர இறக்கையைத் தொங்கவிட்டு உலர்த்திக்கொண்டிருந்தது. கருப்பில் மஞ்சள் திட்டு, கீழே ஒரு சிவப்புப் பொட்டு.

"இறக்கையில வால் வச்ச பட்டாம்பூச்சிக் குடும்பம்னு சொன்னியே. வால் எங்கடா?"

"அந்தக் குடும்பம்தான், ஆனா இதுக்கு வால் கிடையாதுக்கா."

அவள் இன்னும் குனிந்து, பின்பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.