வசீலாவைத் தேடிப் போனவள்

1966 ஜூன் இருபத்துமூன்றாம் தேதி வியாழக்கிழமை, தாராவியில் செண்பகவல்லி கணுக்கால் வரை தரைக்குள் இறங்கினாள். போன தீபாவளிக்குப் பூசிய சிமெண்டுத் தரை. ஒரு கீறல்கூட விழவில்லை. பம்பாய்க் கோட்டைப் பக்கத்துப் பெரிய காலேஜில் சயன்ஸ் படிக்க மனுப் போட்டிருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் தன் பெயர் பதினேழாவதாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் அது நடந்தது. ரூபாயின் மதிப்பையே இறக்கிவிட்ட மாதம் அது. ஒரு பெண் பிள்ளை இறங்கியதை அக்கம்பக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோல் கிடங்கில் வேலை பார்த்த அப்பா வெயிலுமுத்து அடிக்கோலை வைத்து அளந்துவிட்டு, நாலு அங்குலம் என்றார். அம்மா பேராச்சி மட்டும் மகளின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துப் பார்த்தாள்.

கணக்கு சீக்கிரமே பிடிபட்டது. யாரோ ஒரு மில் முதலாளியின் கடிதத்தோடு ஒரு பையன் பட்டியலின் நடுவில் புகுந்தால், செண்பகவல்லி இங்கே மூன்று விரற்கடை இறங்குவாள். ஒரு டாக்டரின் மைத்துனி மகள் புகுந்தால் இன்னும் மூன்று. பட்டியலைப் பார்க்கக் கோட்டை வரை ரயிலேறிப் போக வேண்டியதே இல்லை, அடிக்கோல் போதும். ஜூலை ஒன்றாம் தேதி முழங்கால். ஐந்தாம் தேதி இடுப்பு. முனிசிபாலிட்டிக்காரர் ஒருவர் வந்து, சாக்கடை ஏதும் அடைத்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கிய அந்தப் பெண்ணோ, புத்தகத்தைத் தரையில் விரித்துப் படித்துக்கொண்டேயிருந்தாள். பதினோராம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். மூடும்போது எந்த ஆழமோ அந்த ஆழம்தான் கடைசி வரை. மான்குர்த்தில் ஒரு பையன் இரண்டு வருஷமாகத் தொடையளவில் நிற்பதைப் பக்கத்து வீட்டு ஹபீபா தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

வெயிலுமுத்துவுக்குக் கிடங்கில் லீவு கிடைக்கவில்லை. ஆகவே ஆறாம் தேதி பேராச்சியே காலேஜுக்குப் போனாள். பம்பாய்க்கு வந்து பதினாலு வருஷம் ஆகியும், காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் அவளுக்கு ஹிந்தி. கிளார்க் அவள் சொன்னதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "வசீலா ஹை? வசீலா லேகே ஆவ்," என்றான், அடுத்த ஆளைக் கூப்பிட்டான். பேராச்சிக்கு உயிரே திரும்பி வந்தது. இவ்வளவுதானா விஷயம்! வீட்டுக்குப் போகாமல் நேரே ஹபீபாவிடம் ஓடினாள்.

"எக்கா, வசீலான்னு ஒரு பொம்பளையாம். அவளக் கூட்டிட்டு வந்தா சீட்டு குடுத்துருவானாம்!"

"ஜமீலா இருக்கா, வஹீதா இருக்கா. வசீலா ஆருளா?" என்று ஹபீபா யோசித்தாள்.

இரண்டு நாள் தேடினார்கள். பள்ளிவாசல் தெருவில் கேட்டார்கள், தோல் கிடங்குகளில் கேட்டார்கள், குழாயடியில் கேட்டார்கள். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று நின்று கேட்கப் பேராச்சிக்கு நேரமில்லை, மகள் மார்பளவுக்கு வந்துவிட்டாள். கடைசியில் ஹபீபாவுக்குத்தான் பொறி தட்டியது. அவன் சொன்னது வசீலா இல்லை, விசாலாவாக இருக்கும். மாட்டுங்காவில் ஒரு விசாலாக்ஷி மாமி இருக்கிறாள், வீட்டுக்காரர் கல்வி இலாகாவில் ஆபீசர், அவர் கையெழுத்துப் போடாமல் எந்தக் காலேஜுக்கும் கிராண்ட் கிடையாது.

சனிக்கிழமை காலை விசாலாக்ஷியின் வாசலில் போய் நின்று, "காலேஜுக்கு வாங்கம்மா, உங்களத்தான் கூட்டிட்டு வரச் சொன்னான்," என்று பேராச்சி கையைப் பிடிக்காத குறையாக அழைத்தாள். விஷயம் புரிய மாமிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளைப் பாராட்ட வேண்டும்.

"அடி அசடே, வசீலான்னா பொம்மனாட்டி இல்லைடி. சிபாரிசு. பெரிய மனுஷா தயவு."

பேராச்சி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மூன்று நாள் வீணாகப் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாமி உள்ளே போய்க் கணவரிடம் என்ன சொன்னாளோ தெரியாது. வெளியே வரும்போது கையில் நாலு வரிக் கடிதம் இருந்தது.

பதினோராம் தேதி திங்கட்கிழமை செண்பகவல்லிக்கு வெளியே தெரிந்தது கழுத்தும் தலையும்தான். பேச மூச்சு வாங்கியது. அன்றைக்கென்று பார்த்து மழை, தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் குர்லா தாண்டி வரவேயில்லை. பஸ்ஸைப் பிடித்தும் பாதித் தூரம் நடந்தும் பேராச்சி காலேஜ் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். கடிதத்தைப் பார்த்ததும் கிளார்க் எழுந்து நின்றான். சேர்ந்தவர்கள் பட்டியலை எடுத்து, கடைசிப் பெயரை அடித்து, அந்த இடத்தில் செண்பகவல்லி என்று எழுதினான். அடித்த பெயரைக் காத்திருப்போர் பட்டியலின் அடியில், நாற்பத்தொன்றுக்கும் கீழே எழுதினான். "ஏக் ஊபர், ஏக் நீச்சே," என்றான்.

ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே; அந்த ஹிந்தி அவளுக்கு யாரும் விளக்காமலே புரிந்தது. யார் என்று கேட்டாள். செம்பூர், சந்திரலேகா என்றான். கடிதத்தைக் கொடு என்று திருப்பி வாங்கியிருக்கலாம், ஐந்து அடிக்க இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. பேராச்சி அந்த எட்டு நிமிஷமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. மணி அடித்ததும் வீட்டுக்குப் போனாள். செண்பகவல்லி குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்து விசாரித்துச் செம்பூருக்குப் போனாள். மளிகைக் கடைக்குப் பின்னால் வீடு. சமையலறை வாசலில் சந்திரலேகாவின் தலை மட்டும் தரைக்கு மேலே தெரிய, அவள் அம்மா கனகவள்ளி பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். யார் நீங்கள் என்று கேட்டதற்கு, பேராச்சியால் சுற்றி வளைக்க முடியவில்லை.

"எம் மவ மேல வந்தா. உங்க மவ கீழ போனா. நான்தான் காயிதம் குடுத்தேன்."

கனகவள்ளி எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சீப்பை அவள் பக்கம் தள்ளினாள். "ரெட்டைச் சடை. அந்தப் பக்கத்த நீங்க பின்னுங்க."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பேராச்சி போய்ப் பின்னிவிட்டு வந்தாள். செண்பகவல்லி இன்டர் சயன்ஸில் தேறி, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, அம்மா ஞாயிறு ஞாயிறு எங்கே போகிறாள் என்று கேட்காமலே பழகிக்கொண்டாள். 1969இல் செம்பூர் வீட்டுக்கு மொசைக் போட்டார்கள். சந்திரலேகாவைச் சுற்றி வட்டமாக இடம் விட்டுப் போட்டு, கழுத்தில் உரசாதபடி அந்த விளிம்பை மேஸ்திரி இரண்டு தடவை வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தார்.