பிளாக்கில் முறிந்த பித்தளை

சேஷன் சாருடைய அம்பாசிடரில் பித்தளைக் குழாயை முறித்தது என் தம்பி சஜின். அதற்கு அப்பா சொன்னது, "பழைய சாமானம்லா, முறியத்தான் செய்யும்."

இன்ஜினியரிங் இரண்டாம் வருட லீவில், அப்பாவுடைய இதே கரமனை ஒர்க்‌ஷாப்பில் நானும் ஒரு போல்ட்டை முறித்திருக்கிறேன். அன்றைக்கு அப்பா என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கித் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார். "உனக்கு இது வேண்டாம் பிள்ளே. நீ படி."

படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையதுதான். மெக்கானிக்கல். பாறசாலை சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்பா லட்டு கொடுத்தார். அதன் பிறகு ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் கிடைத்த வேலை பில் எழுதுவது. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்ற சஜினுக்குப் பெட்டிச் சாவி.

இப்போது கிள்ளிப்பாலத்தில் அப்பா இரண்டாவது ஷெட் எடுத்திருந்தார். அதை நான் நடத்துகிறேன் என்று கேட்டிருந்தேன். "பாப்போம்" என்றார். திறப்பு ஜெபத்தில் யார் பேரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று போதகர் கேட்டிருக்கிறார். அந்தப் பேர் என்னுடையதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதற்காகத்தான் பில் புத்தகத்தை மூடிவிட்டு அம்பாசிடர் பக்கத்தில் போய் நின்றேன்.

முறிந்தது இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், தண்ணீரை வடிக்கிற குழாய். வண்டி சூடாகிறது, பழைய தண்ணீரை மாற்ற வேண்டும் என்று அதைத் திறக்கப் போனவன், ஸ்பானரில் பைப்பைச் செருகி எம்பித் தொங்கினான். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. மரையுள்ள பாகம் ஒரு வளையமாக இரும்புக்குள் மாட்டிக்கொண்டது.

சேஷன் சார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்ரகாரத்துக்காரர். "சத்தியதாஸ், நாளைக்குக் காலம்பற தம்பானூர் ஸ்டேஷன்ல சம்பந்தியாத்துக்காரா வந்து எறங்கறா. வண்டி ஆயிடுமோ?"

"ஆகும் சார். பையன் எடுத்திருவான்" என்றார் அப்பா.

சஜின் ஈஸி அவுட்டை எடுத்தான். முறிந்த துண்டுக்குள் செருகி இடது பக்கமாகத் திருகினால் கடித்துப் பிடித்து வெளியே இழுக்கிற சாமான். ஸ்டீல் போல்ட்டுக்குச் சரி. பித்தளை மிருதுவானது. உள்ளே செருகச் செருக அது விரிந்து இன்னும் இறுகும்.

"நிறுத்துலே. அது முறிஞ்சு உள்ள நின்னா டிரில் கூட ஏறாது. பிளாக்கே போயிரும்" என்றேன்.

"ஒண்ணு போ அக்கா. போய் பில்லு எழுது."

"அப்பா, சொல்லுங்க."

"அவன் செய்யட்டு பிள்ளே."

திருகினான். வளையம் அசையவில்லை. ஈஸி அவுட் லேசாக வளைவதை நானே பார்த்தேன். அவனும் பார்த்திருக்க வேண்டும். உருவி டிரேயில் எறிந்துவிட்டு, "இது செரியாவாது, டீ குடிச்சிட்டு வாறேன்" என்று போனான். சேஷன் சார் இரண்டாம் தடவை வாட்ச்சைப் பார்த்தார். அப்பாவின் பார்வை அப்போதுதான் என் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஹாக்ஸா பிளேடை ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்தேன். தூள் உள்ளே போகாமல் கிரீஸ் அப்பினேன். வளையத்தின் உட்பக்கத்தில், இரும்பின் மரையைத் தொடாமல், அடுத்தடுத்து இரண்டு வெட்டு. சின்ன உளியால் நடுத்துண்டைத் தட்டினேன். உள்பக்கமாக மடங்கியது. வளையம் தளர்ந்தது. மூக்குப் பிளையரால் திருகினேன், வந்துவிட்டது. மரையில் ஒரு கீறல் இல்லை.

ஆனால் பித்தளையில் சணலும் சிவப்பு பெயிண்டும் சுற்றியிருந்தது. காருக்கு யாரும் சணல் சுற்ற மாட்டார்கள். பிளம்பர் வேலை. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரில் ஒரு சின்னக் குழாய் காணாமல் போய், அம்மா எல்லாரையும் திட்டினாள். ஒரு கல்யாணத்துக்கு அப்பா மார்த்தாண்டம் போயிருந்த வாரம் அது. இந்த அம்பாசிடரும் அந்த வாரம்தான் வந்தது. அதன் வேலையைப் பார்த்த ஆள் சஜின்.

அவன் டீ கிளாஸோடு வந்ததும் துண்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது நம்ம மோட்டாரில உள்ளது. உள்ள போகப் போக இறுகுற மரை, அதான் முறிஞ்சுது. இதைத் திருகி ஏத்தினவனுக்கு மூளை இருந்துதா?"

சேஷன் சார் முன்னால்தான் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

சஜின் தலையைச் சொறிந்தான். "அன்னைக்கு ஹர்த்தால்லா. சாலை பஜார்ல ஒரு கடை தொறக்கல. சார் வழியில நிக்காரு. நான் என்ன செய்ய?"

அப்பா துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நான் காத்திருந்தேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மோட்டார்ல இருந்தா எடுத்தே? எம்மவனப் பாத்தியளா சார், ஹர்த்தாலன்னைக்கும் வண்டியை ஓட வெச்சிருக்கான்."

"ஆமாம், அன்னிக்கு நான் ஆத்துக்குப் போய்ச் சேர்ந்ததே இவனாலதான்" என்றார் சேஷன் சார்.

அவன் செய்த தப்பு அவர்கள் வாயில் ஒரு கெட்டிக்காரத்தனம் ஆகிவிட்டது. பிளாக்கில் நான் துண்டை எடுத்த இடத்து மரையை அப்பா விரலால் தடவிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார், இரும்பைப் பார்த்து.

"அப்ப கிள்ளிப்பாலம் எனக்குத்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

"சஜின் பேரை போதகர்ட்ட சொல்லியாச்சு பிள்ளே." குரலில் கடுமையே இல்லை. "அவன் இப்பிடி ஏதாச்சும் செய்து வைப்பான். நீ கூட நின்னு பாத்துக்கோ."

"அவன் முறிப்பான், நான் எடுக்கணும்."

"கூடப்பொறந்தவன்லா."

"அக்கா வரட்டுப்பா" என்றான் சஜின். "எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல."

மனசோடுதான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு இடம் கொடுக்கிற ஆளாக அவன் ஆகிவிட்டான், அதுவும் அந்த ஐந்து நிமிஷத்துக்குள்ளே.

"நான் வரல. உன் ஷெட்டுக்கும் வரல, இங்கயும் வரல."

"புதுக் குழாயை மாட்டிட்டுப் போ பிள்ளே, சார் காத்திருக்காருல்லா" என்றார் அப்பா.

கையைத் துடைத்துவிட்டு, குழாயை சஜினின் உள்ளங்கையில் வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பஸ் ஸ்டாப் ஒர்க்‌ஷாப் வாசலை ஒட்டியே இருக்கிறது. உள்ளே அப்பா குனிந்து அவன் தோளில் கை வைத்துக்கொண்டு பேசுவது தெரிந்தது, கேட்கவும் செய்தது.

"பைய, மக்களே, பைய. முதல்ல கையால திருகு. ஆங். செரியாட்டு வருது."

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இவ்வளவு பொறுமை அந்த மனிதரிடம் இருந்திருக்கிறது, இத்தனை வருடமாக இருந்திருக்கிறது, இதே ஒர்க்‌ஷாப்பில். முறித்தவனுக்கு முழுசும் கிடைக்கிறது.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்து அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.