காய்ச்சல் விட்ட நாள்

ஜெயரூபி தகரக் கேற்றை விடாமல் தட்டத் தட்ட, கடைசியில் றுவைஸ்தான் திறந்தான். திறந்தானே தவிர, வழிவிடவில்லை.

"என்ன மிஸ், இன்னொரு வழக்குப் போடவா?"

டெங்கு ஒழிப்பு வேலைக்காகத் துறைமுகப் பக்கத்து ஒழுங்கைகளில் வீடு வீடாக ஏறி இறங்குபவள் அவள். ஐப்பசி மழையில், அவன் திருத்துவதற்காக முற்றத்தில் கொண்டுவந்து போட்டிருந்த வள்ளத்துக்குள் தேங்கிய தண்ணீரில் நுளம்புப் புழு நெளிவதைக் கண்டு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அந்த வழக்கில் கோட்டுக்குப் போய்த் தண்டம் கட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அவன் கேற்றைத் திறப்பதில்லை. உள்ளே ஆட்கள் கதைப்பது கேட்கும். அவள் இரண்டு தரம் தட்டுவாள். பிறகு படிவத்தில் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். நான்கு கிழமையாக, வாரம் ஒரு தரம், அப்படித்தான் எழுதினாள். உண்மையைச் சொன்னால், அவனோடு வாய்ச்சண்டையில் கொழுவாமல் போவது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அவன் மகள் ஸல்ஹா காய்ச்சலில் நாலு நாளாய்ப் பள்ளிக்கூடம் வரவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னபடியால், விடாமல் தட்டியிருந்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சலாமே, நானா?"

"இருந்திச்சு. நெருப்பா எரிஞ்சது. விடிய சுபஹ் தொழுகையோட விட்டிட்டுது, அல்ஹம்துலில்லாஹ். நீங்க போங்க."

ஜெயரூபி கேற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சி வகுப்பில் டொக்டர் ஒரேயொரு விசயத்தைத்தான் இரண்டு தரம் சொல்லியிருந்தார்: டெங்கில் காய்ச்சல் எரியும்போது பயப்படுவதைவிட, அது விடும்போது பயப்படுங்கள், உயிராபத்து அப்போதுதான்.

"ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"நீங்க டொக்டரா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி ஜுமானாதான் குரல் கொடுத்தாள். "விடுங்களேன். பாத்திட்டுப் போகட்டும்."

வீட்டுக்குள் கஞ்சி மணத்தது. நாலு இரவு கண்மூடாத ஜுமானாவின் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்திருந்தது. "நல்லா நித்திர கொள்றா மிஸ்," என்றாள் மெதுவாக, பிள்ளை எழும்பிவிடும் என்பது போல.

அது நித்திரை இல்லை. பாயில் கிடந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் கை, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைப்போலக் குளிர்ந்து ஈரமாக இருந்தது. ஜெயரூபி விரல் நகத்தை அமுக்கிவிட்டுப் பார்த்தாள். வெளிறிய நகம் வெளிறியபடியே கிடந்து, இரத்தம் ஓடிவரப் பிந்தி, மெதுவாகத்தான் சிவந்தது.

"தங்கச்சி, பிள்ள கடைசியா எப்ப ஒண்டுக்குப் போனவ?"

"நேத்துப் பொழுதுபட, மஃரிபுக்குப் பொறகு... இல்ல, அதுக்கும் முந்தி."

தன் வாயிலிருந்து வந்த பதிலைத் தானே கேட்டதுபோல ஜுமானா நின்றாள். சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. "வயிறு நோகுதெண்டு சொன்னா. சத்தியும் எடுத்தா."

"உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்."

றுவைஸ் வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "காய்ச்சல் விட்ட புள்ளய எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?"

"நானா, என்னில உள்ள கோவத்த நாளைக்குக் காட்டுங்கோ. இப்ப ஓட்டோ பிடியுங்கோ."

அவன் அசையவில்லை. கெட்டவன் அல்ல. காய்ச்சல் விட்டுவிட்டது என்பதை அவன் அவ்வளவு ஆசையோடு நம்பியிருந்தான். ஜுமானா பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் கை தானாக நிலையிலிருந்து இறங்கியது.

றுவைஸ் வாசலிலேயே நிற்க, பெண்கள் இருவரும் பிள்ளையோடு ஓடினார்கள்; சந்தியில் ஓட்டோ கிடைத்தது. துறைமுக வீதியில் கடல் சத்தமில்லாமல் கிடந்தது. ஜுமானா பிள்ளையின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"நீங்க கிழமைக்குக் கிழமை தட்டினது கேட்டது மிஸ். நான்தான் அவருக்குப் பயந்து பேசாம இருந்தனான்."

ஜெயரூபியின் மடியில் படிவக்கட்டு கிடந்தது. 'வீடு பூட்டியிருந்தது' என்று தான் எழுதியதைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு கட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள்; ஜுமானா பின்னால் ஓடினாள். ஜெயரூபி வார்ட்டு வாசலில் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் றுவைஸ் வந்து சேர்ந்தான். காலில் செருப்பில்லை, சாரத்தில் வள்ளத்தைத் தேய்த்த பைபர் தூள்.

உள்ளே இரண்டு வரிசைக் கட்டில்கள், ஒவ்வொன்றின் அருகிலும் குனிந்தபடி ஒரு தாய். எல்லாக் கட்டிலிலும் வெள்ளை நுளம்பு வலை. எல்லா வலைக்குள்ளும் ஒரு சிறிய உருவம் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தது. மேலே காற்றாடி சுற்றச் சுற்ற வலைகள் மட்டும் ஊதி ஊதித் தணிந்தன.

"எந்த வலைக்குள்ள மிஸ் எங்கட புள்ள?" என்று றுவைஸ் கேட்டான்.

அவளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.